பண்டிகையை எடுத்துவிட்டாலும் கொலை நிற்கிறதே! கோஸி மர்ம நாவல்களின் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம்.

ஒரு சிற்றூர், அங்கே ஒரு பண்டிகை, அதன் நடுவே ஒரு கொலை, காவல்துறை திணறும்போது துப்புத் துலக்கக் கிளம்பும் பேக்கரி உரிமையாளரோ நூலகரோ ஓய்வுபெற்ற ஆசிரியையோ ஒருவர் என்ற அமைப்பில் நீங்கள் ஆண்டுதோறும் வெளியிட்டுவரும் கோஸி மர்ம நாவல்களை விடாமல் வாசிக்கும் வாசகர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இந்த வகையை ஏளனம் செய்வோர் பலர் உண்டு. அவர்களின் சார்பில் நான் பேசவில்லை. பூனையும் கேக்கும் பின்னல் ஊசியும் கதையில் வருவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சிடப்படும் சமையல் குறிப்புகளைக்கூட நான் ஆர்வத்தோடு படிப்பவன். என் முறையீடு ஒன்றுதான். உங்கள் நாவல்களில் பண்டிகை அட்டைப்படத்தில் இருக்கிறது, தலைப்பில் இருக்கிறது, முதல் அத்தியாயத்தின் வருணனையில் இருக்கிறது. கொலையில் மட்டும் இல்லை.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு கிறிஸ்துமஸ் நாவலின் கைப்பிரதியில் கிறிஸ்துமஸ் என்று வரும் இடங்களிலெல்லாம் ஹாலோவீன் என்று மாற்றுங்கள். பனிமனிதனை எடுத்துவிட்டுப் பூசணி விளக்கை வையுங்கள். இஞ்சி பிஸ்கட்டுக்குப் பதிலாக ஆப்பிள் பை பரிமாறுங்கள். அதன் பிறகும் கொலை, கொலையாளி, தடயம், தீர்வு ஆகிய நான்கும் அசையாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். அண்மைக் காலத்தில் நான் வாசித்தவற்றுள் பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. நிலத் தகராறிலோ பழைய கடனிலோ எவரோ ஒருவர் தலையில் அடிபட்டு இறந்துகிடக்கிறார். அவர் மார்ச் மாதத்தின் ஏதோவொரு செவ்வாய்க்கிழமையில் இறந்துகிடந்திருந்தாலும் கதையில் ஒரு வரிகூட மாறியிருக்காது. அப்படியானால் இருநூறு பக்கங்களுக்கு மின்விளக்குத் தோரணங்களையும் பாட்டுக்குழு ஒத்திகையையும் வாசகர் எதற்காகக் கடந்துவர வேண்டும்?

துப்பறியும் கதைகள் தமக்குப் புகையிலையையும் மதுவையும் போல விடமுடியாத பழக்கமாகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் ஒரு கட்டுரை எழுதினார். கொலை நடக்கும் இடம் எந்த அளவுக்கு ஏதேன் தோட்டத்தைப் போல இருக்கிறதோ அந்த அளவுக்கு அங்கே நடக்கும் கொலையின் முரண் கூர்மையாகும் என்று அதில் அவர் சொன்னதைச் சிற்றூர்க் கதைகளுக்கு ஆதரவாகப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே கட்டுரையில் வரும் இன்னொரு கருத்தைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். விரிவான சடங்குமுறைகள் உள்ள ஒரு சமூகத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தச் சடங்குகளை நுணுக்கமாக எழுதுவது துப்பறியும் கதாசிரியருக்கு நல்லது என்கிறார் ஆடன். சடங்கைப் பற்றிய தன் அறிவைக் கொண்டுதான் கொலையாளி கொலையைச் செய்கிறான். அந்தச் சடங்கை அவனளவுக்கோ அவனைவிட அதிகமாகவோ அறிந்த ஒருவரால்தான் அவனைப் பிடிக்கவும் முடியும் என்பது அவர் காட்டும் காரணம். பண்டிகைக் கோஸி நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணத்தை நான் எங்கும் கண்டதில்லை. கொலைக்கான வாய்ப்பு, கொலையாளியின் துணிச்சல், எந்தப் பதவியும் இல்லாத ஒரு பெண்மணி காவல் ஆய்வாளரை முந்திச் செல்வதற்கான நியாயம் ஆகிய மூன்றும் அந்த ஒரே கருத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இது நடைமுறையில் எப்படி இயங்கும் என்பதற்கு மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. ஆர்தர் கோனன் டாயில் 1892 ஜனவரியில் ஸ்ட்ராண்ட் இதழில் வெளியிட்ட நீலக் கல் கதையில், திருடப்பட்ட அந்தக் கல் ஒரு வாத்தின் இரைப்பைக்குள் கிடைக்கிறது. திருடன் அதை வாத்துக்குப் புகட்டியதன் காரணம், கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு வாத்தை எடுத்துக்கொள்ளும்படி அவனுடைய சகோதரி ஏற்கெனவே சொல்லியிருந்ததுதான். அந்த வாத்து மாறிப்போய்ச் சந்தை வியாபாரி வழியாக ஒரு மதுவிடுதிக்குப் போகிறது. வாரந்தோறும் சில பென்னிகள் கட்டிப் பண்டிகைக்கு ஒரு வாத்தைப் பெற்றுக்கொள்ளும் சீட்டு அங்கே நடந்ததால்தான், எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு வாடிக்கையாளரின் கைக்கு அது வந்து சேர்கிறது. துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் செய்வதெல்லாம் அந்தப் பண்டிகை வணிகச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கித் தொடர்வதுதான். கிறிஸ்துமஸை நீக்கினால் பரிசு வாத்து இல்லை, சீட்டு இல்லை, கதையே இல்லை. ஹோம்ஸ் தொழில்முறைத் துப்பறிவாளர் என்பதால் இது கோஸி ஆகாது என்று நீங்கள் மறுக்கலாம். நான் கேட்பது அந்தப் பின்னலைத்தான்.

அகதா கிறிஸ்டி 1969இல் எழுதிய ஹாலோவீன் நாவலும் அப்படித்தான். சிறுவர் விருந்தில் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் ஆப்பிள்களைக் கைபடாமல் வாயால் கவ்வும் விளையாட்டு நடக்கிறது. விருந்து முடிந்த பின் ஒரு சிறுமி அதே தொட்டியில் மூழ்கடிக்கப்பட்டுக் கிடக்கிறாள். விளையாட்டுப் பொருளே கொலைக்கருவியாகிறது. அது மட்டுமன்றி, தண்ணீர் நிறைந்த தொட்டியில் ஒருவரை அமுக்கிப் பிடித்தவர் தாமும் நனையாமல் இருந்திருக்க முடியாது என்ற எளிய உண்மையும் அதனோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. பண்டிகை வாய்ப்பையும் கருவியையும் தடயத்தையும் ஒரே பொருளில் தந்துவிடுகிறது. இதைத் திட்டமிட ஓர் எழுத்தாளருக்குக் கூடுதலாக எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. அந்த விளையாட்டை ஒருமுறை ஊன்றிப் பார்த்தாலே போதும்.

இப்படி ஊன்றிப் பார்த்தால் உங்கள் எழுத்தாளர்களுக்குக் கிடைக்கக்கூடியவை எத்தனையோ. வேறெந்த நாளிலும் முகமூடி அணிந்த அந்நியருக்குக் கதவைத் திறக்காத வீடுகள் ஹாலோவீன் இரவில் சிரித்துக்கொண்டே திறக்கின்றன. ஜூலை 4 அன்று அமெரிக்க ஊர்களில் வாணவேடிக்கை தொடங்கும் நேரம் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அந்தப் பத்து நிமிடங்களுக்குள் வெடிக்கும் ஒரு துப்பாக்கிச் சத்தத்தை எவரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்கேற்றுவதற்கு முந்தைய கணத்தில் ஊர்ச் சதுக்கமே வேண்டுமென்று இருட்டாக்கப்படுகிறது. தாடியும் சிவப்பு அங்கியும் அணிந்த ஒருவரை ஊர் முழுவதும் பார்த்திருக்கும். ஆனால் உள்ளே இருந்தவர் யார் என்று எவராலும் சாட்சி சொல்ல முடியாது. அடைத்துக் கட்டிய பரிசுப் பொட்டலத்தை யாரிடமிருந்து வந்தது என்று விசாரிக்காமல் வாங்கி வைத்துக்கொள்வதுதான் அன்றைய மரியாதை. ஆண்டு முழுவதும் முகம் பார்க்காத உடன்பிறப்புகள் பாகம் பிரிக்காத சொத்தின் நினைவோடு ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தாக வேண்டும். மகிழ்ச்சியாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டிய அந்தக் கட்டாயமே மனிதர்களை எரிச்சலின் விளிம்புக்குத் தள்ளும் என்று கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோ 1938ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாவலில் வாதாடுகிறார். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, கொலையாளியை ஒரு சந்தில் கல்லோடு நிற்கவைப்பது பெரும் வீண் அல்லவா?

வாசகர்கள் பண்டிகைச் சூழலைத்தான் கேட்கிறார்கள், புதிர் நுட்பத்தை எவரும் கேட்பதில்லை என்ற மறுமொழி உங்களிடம் இருக்கக்கூடும். விற்பனைக் கணக்கு உங்கள் பொறுப்பு என்பதை நான் அறிவேன். ஆனால் பிரிட்டிஷ் நூலகம் தன் மறுபதிப்பு வரிசையில் 2014இல் வெளியிட்ட ஜெஃபர்சன் ஃபார்ஜனின் 1937ஆம் ஆண்டு நாவல், எழுத்தாளரின் பெயரே ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த நிலையில், அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் பருவத்தில் எவரும் எதிர்பாராத வகையில் விற்றுத் தீர்ந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பனியில் சிக்கி ரயில் நின்றுவிடுகிறது. இறங்கி நடந்த பயணிகள் சிலர் ஒரு வீட்டை அடைகிறார்கள். கணப்பில் நெருப்பு எரிகிறது, மேசையில் தேநீர் தயாராக இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை. அட்டையில் இருந்த பனி வாசகரைக் கடைக்குள் இழுத்திருக்கலாம். உள்ளே அந்தப் பனிதான் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது, அதுதான் வெளியேற விடாமல் அடைத்தும் வைத்தது. சூழலும் புதிரும் ஒன்றாகவே விற்கும் என்பதற்கு அப்போதே எழுபத்தேழு ஆண்டு பழையதாகியிருந்த அந்தப் புத்தகம் நல்ல சான்று.

இனி, துப்பறியும் பெண்மணியைப் பற்றி. கிறிஸ்டி படைத்த கிராமத்து மூதாட்டி மிஸ் மார்ப்பிள் 1927இல் ஒரு பத்திரிகைச் சிறுகதையில் அறிமுகமாகி, 1930இல் நாவலுக்கு வந்தார். அவருடைய முறை என்னவென்று எல்லாருக்கும் தெரியும்: ஒரு கொலைகாரனைப் பார்த்ததும் அவருக்குத் தம் கிராமத்தில் காசு திருடிய பையனோ பொய் சொன்ன வேலைக்காரப் பெண்ணோ நினைவுக்கு வருவார்கள். அவர் கண்டுபிடிப்பது அவர் அந்த ஊரில் வாழ்ந்ததன் பயன். இன்றைய நாவல்களில் துப்பறிபவர் பெரும்பாலும் நகர வேலையை விட்டுவிட்டு அண்மையில்தான் ஊர் திரும்பியவர். கடை திறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைவிட வாசகருக்குத் தெரிந்தது அதிகம். பிறகு அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் நின்று இருவர் பேசுவதைக் கேட்டுவிடுகிறார். அல்லது அவருடைய பூனை ஒரு காகிதத்தை இழுத்துப்போடுகிறது. அல்லது, இதுதான் மிக அதிகம், கொலையாளியே அவரை ஒரு கிடங்கில் அடைத்துவைத்துத் துப்பாக்கியை நீட்டி, தான் செய்ததையெல்லாம் இரண்டு பக்கங்களுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, சரியான நேரத்தில் வந்துசேரும் காவலரிடம் பிடிபடுகிறான்.

துப்பறிவாளர் கண்டெடுக்கும் ஒவ்வொரு தடயமும் அப்போதே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும், தற்செயலோ காரணமற்ற உள்ளுணர்வோ அவருக்குத் துணைவரக் கூடாது என்று பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் விதி வகுத்தார். 1930இல் லண்டனில் உருவான டிடெக்‌ஷன் கிளப்பில் சேர்ந்த எழுத்தாளர்கள், தெய்வ வெளிப்பாட்டையும் தற்செயலையும் நம்பித் தங்கள் துப்பறிவாளர்களை நடத்தமாட்டோம் என்று பாதி விளையாட்டாகவும் பாதி உண்மையாகவும் உறுதிமொழி எடுத்தார்கள். அந்த விதிகள் எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து மீட்டெடுக்கச் சொல்லும் பழமைவாதி அல்லன் நான். அவற்றுள் சில அந்தக் காலத்தோடு போகட்டும். ஆனால் வாசகருக்கும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்ற அடிப்படையை விட்டுவிட்டால் மர்ம நாவல் என்று அட்டையில் அச்சிடுவதில் பொருளில்லை. ஆய்வுக்கூடமோ விசாரணை அதிகாரமோ இல்லாத ஒருவருக்கு இருக்கும் ஒரே மூலதனம், அந்தப் பண்டிகை உள்ளிருந்து எப்படி நடக்கிறது என்ற அறிவுதான். ஊர்வலத்தில் எந்த வண்டிக்குப் பின் எந்த வண்டி வரும், பாட்டுக்குழுவில் யார் எந்த வரிசையில் நிற்பார், கேக் போட்டிக்கு வந்த தட்டுகளை யார் எப்போது மேசையில் வைத்தார் என்பவை காவல் ஆய்வாளருக்கு வெறும் சந்தடி. பல ஆண்டுகள் அந்தக் குழுவில் வேலை செய்த பெண்மணிக்கு அவை ஒரு கால அட்டவணை. அந்த அட்டவணையில் ஒன்று தவறியிருப்பதை அவர் கவனிக்கட்டும். கவனித்தால் நாங்களும் கவனித்திருக்கலாமே என்று நொந்துகொள்ளும் வாய்ப்பை எங்களுக்கும் கொடுங்கள்.

சிற்றூரில் இத்தனை கொலைகளா என்ற பழைய கேலிக்கு நான் அதிக இடம் தரப்போவதில்லை. 1984 முதல் 1996 வரை 264 அத்தியாயங்கள் ஓடிய ‘மர்டர், ஷி ரோட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரால் கபட் கோவ் என்ற கற்பனை ஊரின் பெயரே அந்தக் கேலிக்கு உரியதாகிவிட்டது. ஆயினும் அந்தத் தொடரின் ஆக்கியோர் தங்கள் நாயகியை அடிக்கடி வெளியூருக்கு அனுப்பி, ஊரின் மீது விழும் பிணங்களின் எண்ணிக்கையை ஓரளவு குறைக்கவாவது செய்தார்கள். எண்ணிக்கையைவிட என்னை உறுத்துவது மறதி. சென்ற நாவலில் நன்றி நவிலல் நாள் விருந்தில் ஒருவர் நஞ்சு வைத்துக் கொல்லப்பட்டிருப்பார். இந்த நாவலில், மூன்று வாரம் கழித்து, அதே கூடத்தில் அதே மக்கள் அதே பெண்மணியின் சமையலை ஒரு தயக்கமும் இல்லாமல் உண்டுகொண்டிருப்பார்கள். தட்டைக் கையில் எடுத்தவர் ஒரு நொடி தயங்குவதாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அந்த ஊர் எனக்கு உண்மையாகியிருக்கும். போட்டியிலிருந்து ஒரு குடும்பம் விலகிக்கொண்டது, கூடத்தின் வாசலில் இந்த ஆண்டு ஒரு காவலர் நிற்கிறார் என்பவை போன்ற சிறு மாற்றங்கள் தொடர்நாவலின் இதத்தைக் கெடுத்துவிடாது. புதிய தடயங்களுக்கும் இடம் தரும்.

இறந்தவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாரம்பரிய மர்ம நாவல்களுக்காக 1989இலிருந்து நடந்துவரும் மாலிஸ் டொமஸ்டிக் மாநாடு, வெளிப்படையான பாலுறவும் மிகையான இரத்தமும் தேவையற்ற வன்முறையும் இல்லாதவை என்று அந்த வகையை வரையறுக்கிறது. அந்த வரையறையோடு எனக்குச் சண்டை இல்லை. இரத்தம் திரைக்குப் பின்னால் இருப்பதையே நானும் விரும்புகிறேன். ஆனால் இரத்தத்தோடு சேர்த்துத் துக்கத்தையும் நீங்கள் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டீர்கள். இப்போதெல்லாம் கொல்லப்படுபவர் ஊரே வெறுத்த ஒருவர்: குத்தகையை உயர்த்திய கடை உரிமையாளர், பூங்காவை விற்கத் துணிந்த மேயர், எல்லாரையும் அவமதித்த போட்டி நடுவர். சந்தேகத்துக்குரியவர்களின் எண்ணிக்கையைப் பெருக்க இது வசதி என்பது புரிகிறது. அத்தோடு, அவருக்காக எவரும் அழவேண்டியதில்லை, விழாவை நிறுத்தவேண்டியதும் இல்லை என்ற வசதியும் கிடைத்துவிடுகிறது. பிணம் ஒன்று வேண்டும் என்பதற்காக மட்டுமே நடக்கும் கொலைகளைப் பற்றி அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர் 1944இல் எழுதிய கடுமையான கட்டுரையோடு பல இடங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆங்கிலக் கிராமத்துக் கதைகளின் மீது அவர் காட்டிய அலட்சியம் நியாயமற்றது என்றே இன்றும் நினைக்கிறேன். எனினும் இந்த ஒரு குற்றச்சாட்டுக்கு உங்கள் புதிய வெளியீடுகள் அவருக்குச் சான்றுகளைக் குவித்துக்கொண்டிருக்கின்றன.

பண்டிகை துக்கத்துக்குப் பகையும் அன்று. சென்ற ஆண்டு உடன் உண்டவர் இந்த ஆண்டு இல்லை என்பதை வேறெந்த நாளையும்விட அந்த நாளில்தான் குடும்பங்கள் உணர்கின்றன. இறந்தவருக்கு ஒரு மகளைக் கொடுங்கள். அவள் அவரை நேசித்தவளாக இருக்கட்டும். அவர் பெயரில் ஏற்கெனவே கட்டி வைத்த பரிசை என்ன செய்வதென்று அவள் துப்பறியும் பெண்மணியிடம் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியிலேயே அந்தப் பெண்மணிக்கு இந்தக் கொலையில் தலையிடும் உரிமை வந்துவிடும். அதன் பிறகு, தன் காதலனின் பெயரைக் காப்பாற்ற, தன் கடை மூடப்படுவதைத் தடுக்க என்ற வழக்கமான சாக்குகள் எவையும் அவருக்குத் தேவைப்படாது.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய செலவு வைப்பவை அல்ல. கதைச்சுருக்கத்தை ஏற்கும் கட்டத்திலேயே, இந்தக் கொலை ஏன் இந்த நாளில் நடக்கிறது, நேற்றோ நாளையோ ஏன் நடந்திருக்க முடியாது என்று எழுத்தாளரிடம் எழுத்துமூலம் விடை கேளுங்கள். அந்த விடை கொலையாளியின் மனதுக்குள்ளிருந்து வருவதாக இருக்க வேண்டும், விற்பனைப் பிரிவிலிருந்து வருவதாக இருக்கக் கூடாது. பழைய நாவல்களில் மாளிகையின் வரைபடம் முதல் பக்கத்தில் இருந்ததைப் போல, விழாக்குழுவின் நிகழ்ச்சி நிரலை முதல் பக்கத்தில் அச்சிடுங்கள்: மாலை 6.00 மணிக்கு ஊர்வலம், 6.40க்கு விளக்கேற்றுதல், 7.00க்குப் பாட்டுக்குழு என்று. கதை நெடுக அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் மகிழ்ச்சியை ஆயிரம் வரி வருணனை தராது. சமையல் குறிப்பைக் கைவிட வேண்டாம். ஆனால் அதில் வரும் ஒரு பொருளோ வேகும் நேரமோ கொலையாளியின் பொய்யை உடைப்பதாக இருந்தால், கதை முடிந்த பின் அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது எங்களுக்கு இரட்டை விருந்து. கொலையாளியின் வாக்குமூலத்தை முழுவதும் நீக்கிவிட்டும் குற்றம் மெய்ப்பிக்கப்படுகிறதா என்று கடைசி அத்தியாயத்தை ஒருமுறை திருத்திப் பாருங்கள். நிற்காவிட்டால் கைப்பிரதியைத் திருப்பி அனுப்புங்கள்.

பண்டிகை நாவல்கள் பண்டிகைக்குப் பல வாரங்களுக்கு முன்பே கடைகளுக்கு வந்துவிடுவதால், அடுத்த பருவத்துக்கான கைப்பிரதிகள் இப்போதே உங்கள் மேசைகளுக்கு வரத் தொடங்கியிருக்கும். அவற்றுள் ஒன்றையாவது எடுத்து, மேலே சொன்னபடி பண்டிகையின் பெயரை மாற்றி வாசித்துப் பார்த்துவிட்டு அதன் பிறகு அட்டைப்பட ஓவியரை அழையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தங்கள் வெளியீடுகளின் நெடுநாள் வாசகன்